கொல்லன் இல்லாத நாடு

சாமுவேல் முதல் நூலின் 13-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது நம் கவனம் முழுவதும் சவுலின் கீழ்ப்படியாமையிலும் சாமுவேலின் சினத்திலுமே தங்கிவிடுகிறது. அதிகாரத்தின் இறுதிப் பகுதியில் வரும் வசனங்களை எவரும் மறையுரைக்கு எடுத்துக்கொள்வதில்லை. அவ்வசனங்கள் கூறும் செய்தி இதுதான்: இஸ்ரயேல் நாடெங்கும் அந்நாளில் ஒரு கொல்லன்கூட இல்லை. எபிரேயர் வாளோ ஈட்டியோ செய்துகொள்ளக் கூடாது என்பதற்காகப் பெலிஸ்தியர் அவ்வாறு ஏற்பாடு செய்திருந்தனர். ஏர்க்கொழுவையும் கோடரியையும் அரிவாளையும் தீட்ட வேண்டுமானால்கூட இஸ்ரயேலர் பெலிஸ்தியரிடம் இறங்கிப் போய், கேட்ட கூலியைக் கொடுத்துத் தீட்டிவர வேண்டும். போர் மூண்ட நாளில் சவுலிடமும் யோனத்தானிடமும் தவிர வேறு எவர் கையிலும் படைக்கலம் இல்லை.

படைக்கலம் பிறரிடம் போய்ச் சேராதபடி ஓர் அரசு தடை விதித்ததைப் பற்றி விவிலியத்தில் நாம் காணும் தெளிவான பதிவு இது. ‘ஆயுத ஏற்றுமதித் தடை’ என்று இன்றைய செய்தித்தாள்களில் படிக்கிறபோது நமக்கு இயல்பாகவே ஒரு நல்லெண்ணம் தோன்றுகிறது. துப்பாக்கி விற்காமல் இருப்பது நல்லதுதானே என்று நினைக்கிறோம். ஆனால் பெலிஸ்தியரின் தடையில் அமைதி நாட்டம் எள்ளளவும் இல்லை. வாள் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. வாள் நம்மிடம் மட்டும் இருக்கட்டும் என்றே சொன்னார்கள். இந்த வேறுபாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது பயன் தரும் என்று கருதுகிறேன். அவ்வரலாற்றில் நம் திருச்சபைக்கும் பங்குண்டு, நாம் வாழும் இப்புதுவை மண்ணுக்கும் பங்குண்டு.

திருச்சபையின் பங்கை முதலில் பார்ப்போம். 1139-இல் கூடிய இரண்டாம் இலாத்தரன் சங்கம், கிறிஸ்தவர்களுக்கு எதிராக வில்லாளரும் குறுக்குவில்லாளரும் தங்கள் கலையைப் பயன்படுத்தலாகாது என்று தடுத்து, மீறுவோரைச் சாபத்துக்கு உள்ளாக்கியது. குறுக்குவில் அக்காலத்தின் கொடிய கருவி. சில நாள் பயிற்சி பெற்ற எளிய காலாளும் கவசம் அணிந்த வீரனை வீழ்த்திவிடலாம். சங்கத்தின் விதியில் ‘கிறிஸ்தவர்களுக்கு எதிராக’ என்ற சொற்களை நாம் விழுங்கிவிடாமல் படிக்க வேண்டும்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1179-இல் மூன்றாம் இலாத்தரன் சங்கம் இன்னும் ஒரு படி சென்றது. அதன் 24-ஆம் விதி முழுக்க முழுக்க ஓர் ஏற்றுமதித் தடைச் சட்டம். சரசேனியர் என்று அக்காலத்தவர் அழைத்த இஸ்லாமியருக்குப் படைக்கலம், இரும்பு, கப்பல் கட்டும் மரம் ஆகியவற்றைக் கொண்டுபோய் விற்கும் கிறிஸ்தவர்களும், அவர்களுடைய கப்பல்களில் மாலுமித் தலைவராகவோ வழிகாட்டியாகவோ வேலை பார்ப்பவர்களும் திருச்சபைக்குப் புறம்பாக்கப்படுவர். அவர்களது உடைமையை அரசர்கள் பறிமுதல் செய்யலாம். பிடிபட்டால் பிடித்தவருக்கே அடிமையாவர். இவ்விதியைக் கடற்கரை நகரங்களின் கோவில்களில் அடிக்கடி அறிவிக்க வேண்டும் என்றும் சங்கம் பணித்தது. 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம் இதனை மீண்டும் உறுதிப்படுத்தி, ஒன்றைச் சேர்த்தது. அவ்வாணிகத்தில் ஈட்டிய ஊதியம் முழுவதையும், அதற்கு இணையான தம் சொந்தப் பொருளையும் புனித நாட்டின் உதவிக்கென்று கொடுத்தாலொழிய அவர்களுக்குத் திருச்சபையின் கதவு திறக்காது. பாவத்தை அறிக்கையிட்டால் மட்டும் போதாது, பாவத்தால் வந்த காசையும் கீழே வைக்க வேண்டும் என்ற அந்த நுட்பம் இன்றைக்கும் எண்ணத்தக்கது.

வெனிஸ், ஜெனோவா வணிகர்களை மனத்தில் வைத்தே இவ்விதிகள் எழுதப்பட்டன. சிலுவைப் போருக்கு வீரர்களை ஏற்றிச் சென்ற துறைமுகங்களிலிருந்தே எகிப்துக்கு இரும்பும் மரமும் போயின. சாபம் அவர்களை முழுமையாகத் தடுத்ததாகச் சொல்ல முடியாது. ஆயினும் பின்னர் உரோமையில் ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று வாசிக்கப்பட்ட பொதுச் சாப ஆணையிலும் இக்குற்றம் இடம்பெற்றது. திருத்தந்தை 14-ஆம் கிளமென்ட் 1770-இல் அவ்வாசிப்பை நிறுத்தும்வரை அது நீடித்தது. நற்கருணை நிறுவப்பட்ட நாளில், பாதம் கழுவும் சடங்கு நடைபெறும் நாளில், துருக்கியருக்கு ஆயுதம் விற்போர் பெயரும் சாபத்தில் ஒலித்தது என்பதை இன்றைய இறைமக்கள் அறிந்தால் வியப்படைவர். கத்தோலிக்க ஒன்றிப்பிலிருந்து பிரிந்துபோன இங்கிலாந்துக்கு இச்சாபம் ஒரு வாணிக வாய்ப்பாயிற்று. 1580-களில் ஆங்கில வணிகர் துருக்கிக்கு ஈயமும் வெள்ளீயமும் மட்டுமன்றி, கலைக்கப்பட்ட துறவு மடங்களின் உடைந்த மணிகளின் உலோகத்தையும் ஏற்றிச் சென்றனர். பூசைக்கு அழைத்த மணி பீரங்கியாக உருகியது.

இந்தத் தடை நம் நாட்டுக்கும் வந்தது. 1455-இல் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் போர்த்துக்கல் மன்னருக்கு அளித்த ஆணையில், இஸ்லாமியரோடு வாணிகம் செய்யலாம், ஆனால் இரும்புக் கருவி, மரம், கயிறு, கப்பல், படைக்கலம் ஆகியவற்றை விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கியபோது இந்த விதியும் அவரோடு கப்பலில் வந்தது என்று சொல்லலாம்.

அவ்விதியை மீறிய இருவரின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1503-இல் போர்த்துக்கீசியக் கப்பலில் வந்த மிலான் நாட்டுக் கொல்லர் இருவர் அதிலிருந்து விலகி, கள்ளிக்கோட்டைச் சாமூதிரி மன்னரிடம் போய்ச் சேர்ந்தனர். பீரங்கி வார்க்கத் தெரிந்தவர்கள். மன்னருக்கு நூற்றுக்கணக்கான சிறிதும் பெரிதுமான பீரங்கிகளைச் செய்து கொடுத்ததோடு, உள்ளூர் மக்களுக்கும் அத்தொழிலைக் கற்றுக்கொடுத்தனர். இத்தாலியப் பயணி லுதோவிக்கோ தி வார்த்தேமா 1505-இல் கள்ளிக்கோட்டையில் இவர்களைச் சந்தித்துத் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். தம் நாட்டு மொழியில் ஒருவன் பேசக் கேட்டதும் அவர்கள் அழுதார்களாம். பொன்னும் மணியும் சேர்த்திருந்தார்கள், வீட்டில் மனைவி மக்கள் இருந்தார்கள், ஆனாலும் ஊர் திரும்ப ஏங்கினார்கள். போர்த்துக்கீசியத் துணை அரசரான அல்மெய்தாவிடம் மன்னிப்புப் பெற்றுத் தருவதாக வார்த்தேமா முயன்றார். தப்பும் முன்னரே செய்தி வெளிப்பட, இருவரும் கள்ளிக்கோட்டையிலேயே கொல்லப்பட்டனர்.

இக்கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. சாமூதிரி இஸ்லாமியர் அல்லர், துருக்கியரும் அல்லர். தம் துறைமுகத்தைப் பீரங்கியால் தாக்கிய அந்நியரிடமிருந்து தம் மக்களைக் காக்க விரும்பிய ஓர் இந்து மன்னர். தற்காப்புக்காக அவர் பீரங்கி வார்க்கச் சொன்னது பாவமா? கடலிலிருந்து நகரத்தைச் சுட்ட கபிரால், காமா ஆகியோரின் பீரங்கி மட்டும் எந்த விதியின்கீழ் அனுமதிக்கப்பட்டது? இலாத்தரன் விதி இதற்கு விடை தரவில்லை. அது யாரிடம் விற்கலாம் என்று கேட்டது. எதற்காக என்று கேட்கவில்லை. திருச்சபையை நேசிக்கிற நாம் இதைத் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

இதே கணக்கைத்தான் அரசர்களும் போட்டனர். 1547-இல் கோவாவின் போர்த்துக்கீசிய ஆளுநரும் விஜயநகரப் பேரரசர் சதாசிவராயரும் செய்துகொண்ட உடன்படிக்கையில், கோவாவில் இறங்கும் குதிரைகள் யாவும் விஜயநகரத்துக்கே விற்கப்பட வேண்டும், பீஜப்பூருக்கு ஒன்றும் போகக் கூடாது. கைம்மாறாக விஜயநகரத்து வெடியுப்பும் இரும்பும் போர்த்துக்கீசியருக்கே வர வேண்டும், பீஜப்பூருக்குப் போகக் கூடாது என்று எழுதிக்கொண்டனர். இங்கே மதம் குறுக்கிடவில்லை. கிறிஸ்தவ அரசும் இந்து அரசும் சேர்ந்து மூன்றாமவருக்குக் கொல்லன் இல்லாமற் செய்ய முயன்றன. அவ்வளவுதான்.

இனிப் புதுவைக்கு வருவோம். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் இந்நகரைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கியதை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 1763-இல் பாரிசு உடன்படிக்கை பிரெஞ்சுக்காரருக்கு நகரைத் திருப்பித் தந்தது. ஆங்கிலேயர் அஞ்சியது பிரெஞ்சுப் படையை மட்டுமன்று. பிரெஞ்சுத் துறைமுகங்கள் வழியாக இந்திய மன்னர்களுக்குப் போய்ச் சேரும் துப்பாக்கியையும் வெடிமருந்தையும் கண்டே அவர்கள் மிகுதியாக அஞ்சினர். மைசூரின் ஐதர் அலிக்கு அவ்வழி மலையாளக் கரையிலுள்ள மாஹே. இன்று புதுவை ஆட்சிப்பகுதியின் ஒரு சிறு துண்டாக இருக்கும் அதே மாஹேதான்.

1778 அக்டோபரில் மன்றோவின் படை நீண்ட முற்றுகைக்குப் பின் புதுவையைப் பிடித்தது. அடுத்து மாஹேயைக் குறிவைத்தனர். மாஹே தம் பாதுகாப்பில் உள்ளது, அதைத் தொடாதீர்கள் என்று ஐதர் எச்சரித்தார். 1779 மார்ச்சில் ஆங்கிலேயர் அதைப் பிடித்துக்கொண்டனர். ஆயுதம் வரும் வாசலை அடைத்துவிட்டால் ஐதர் அடங்குவார் என்பது கணக்கு. நடந்தது வேறு. 1780 ஜூலையில் ஐதரின் பெரும்படை கணவாய் வழியே இறங்கிக் கர்நாடகச் சமவெளியை எரித்தது. பரங்கிப்பேட்டை கொள்ளையிடப்பட்டது. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்தது. அப்போது அவர்களுடைய வெடிமருந்து வண்டிகளே வெடித்துச் சிதறின. போரைத் தொடர்ந்து பஞ்சமும் வந்தது. ஆற்காட்டுச் சீமையின் உழவன் மாஹேயைக் கண்ணால் கண்டிருக்கமாட்டான். அந்தத் துறைமுகத்தின் கதவு அடைக்கப்பட்டதற்கான விலையை அவனே தந்தான். தடை போரைத் தவிர்க்கும் என்று உறுதியாகப் பேசுவோர் இந்த நிகழ்ச்சியை மறந்துவிடுகின்றனர். அதே வேளையில், மாஹே திறந்தே இருந்திருந்தால் போர் வந்திராது என்றும் நான் சொல்லத் துணியமாட்டேன்.

நெப்போலியன் போர்களுக்குப் பிறகு, 1814-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பிரெஞ்சுக்காரர் இந்தியாவில் கோட்டை கட்டக் கூடாது, ஊர்க்காவலுக்கு வேண்டிய அளவு சிப்பாய்களுக்கு மேல் வைக்கக் கூடாது என்று ஆயிற்று. கொல்லன் இல்லாத இஸ்ரயேல் போலப் புதுவை ஆனது. பிறகு இவ்வூரின் வாழ்வு துணியைச் சார்ந்தது. இங்கேதான் முதலியார்பேட்டைக்காரர்கள் கூர்ந்து கேட்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது.

‘கினே’ என்று பிரெஞ்சுக்காரர் அழைத்த அவுரி நீலத்துணி இங்கிருந்து பிரான்சு வழியாக ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போயிற்று. அங்கே அத்துணி பணம் போலவே புழங்கியது. செனகல் ஆற்றங்கரையில் பிசினுக்கு மாற்றாக அளந்து கொடுக்கப்பட்டது. அதற்கு முந்தைய நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கிய ஐரோப்பியர் கொடுத்த பண்டங்களில் இந்தியத் துணியும் துப்பாக்கியும் முன்னிலையில் இருந்தன. துப்பாக்கி பெற்ற தலைவன் அண்டை ஊரைத் தாக்கி அடிமைகளைப் பிடித்தான். அடிமைகளைக் கொடுத்து மேலும் துப்பாக்கி வாங்கினான். துப்பாக்கி இல்லாத ஊர் அழிந்தது. சோழமண்டலக் கரையின் நெசவாளி இதை அறிந்திருக்க வழியில்லை. அவன் நெய்த நீலம் எங்கோ ஒரு படகுத்துறையில் ஒரு துப்பாக்கிக்கு அருகில் விரிக்கப்பட்டது.

இந்தச் சுழலை நிறுத்த எழுந்த குரல்களில் ஒன்று கத்தோலிக்கக் குரல். அல்ஜியர்ஸ் பேராயராகவும் ‘வெள்ளைத் துறவியர்’ சபையின் நிறுவனராகவும் இருந்த கர்தினால் லவிழேரி, 1888-இல் பாரிசு, இலண்டன், பிரசல்ஸ் நகரங்களுக்குச் சென்று ஆப்பிரிக்க அடிமை வாணிகத்தின் கொடுமைகளை மேடைகளில் முழங்கினார். அதே ஆண்டு மே மாதம் திருத்தந்தை 13-ஆம் லியோ அடிமைமுறைக்கு எதிராகத் திருமடல் எழுதியிருந்தார். மக்கள் உள்ளம் கொதித்தது. 1889 நவம்பரில் பிரசல்ஸில் அரசுகள் கூடின. 1890 ஜூலை 2 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் அடிமை வாணிகத்தோடு துப்பாக்கி வாணிகத்தையும் சேர்த்துக் கட்டியது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 20 பாகை முதல் தெற்கே 22 பாகை வரையுள்ள ஆப்பிரிக்கப் பரப்பில் புதுவகைத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது தடுக்கப்பட்டது.

சாகிறவனை நினைத்து எழுதப்பட்ட தடை இது என்பதால் இதற்குத் தனி இடம் தருகிறேன். விற்பவனுடைய பகைவன் யார் என்று மட்டும் கேட்காமல், இத்துப்பாக்கியால் யார் அடிமைப்படுவார் என்றும் அது கேட்டது. ஆனாலும் முழுவதும் வெண்மை இல்லை. காலனி அரசுகளின் படைகளுக்கு அத்தடை பொருந்தாது. ஆப்பிரிக்கர் கையிலிருந்து நல்ல துப்பாக்கி விலக்கப்பட்ட அதே ஆண்டுகளில்தான் ஆப்பிரிக்காவை ஐரோப்பா பங்கு போட்டுக்கொண்டது. லவிழேரி கர்தினால்கூட 1891-இல் சகாராவில் அடிமைகளைக் காக்க ஆயுதம் தாங்கிய சகோதரர் சபை ஒன்றைத் தொடங்கினார். அது மறு ஆண்டே கலைக்கப்பட்டது. நல்லவர்களுக்கும் இக்கேள்வி எளிதாக இருந்ததில்லை.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த படைக்கலச் சட்டம், உரிமம் இன்றி எவரும் ஆயுதத்தை நாட்டுக்குள் கொண்டுவரவோ வெளியே கொண்டுசெல்லவோ கூடாது என்றது. இச்சட்டத்திலிருந்து ஐரோப்பியருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. காங்கிரசு இயக்கம் தன் தொடக்க காலத்திலேயே இதை எதிர்த்தது. ஆயுத ஆசையால் அன்று. வெள்ளையனை நம்பலாம், இந்தியனை நம்பலாகாது என்று சட்டமே சொல்வது இழிவு என்பதால். ஆனால் இச்சட்டம் பிரெஞ்சு எல்லையில் நின்றுவிட்டது. வங்காளத்துச் சந்திரநாகூருக்குப் பிரான்சிலிருந்து அஞ்சலிலேயே கைத்துப்பாக்கிகள் வந்தன. ஆங்கிலேயரின் நெருக்குதலால் ஆயுத வரவைக் கட்டுப்படுத்த முனைந்த அந்நகர மேயர் தர்திவேல் வீட்டில் 1908 ஏப்ரலில் வெடிகுண்டு வீசப்பட்டது. அவர் உயிர் தப்பினார்.

புதுவையின் நிகழ்ச்சி இன்னும் அண்மையில் நம்மைத் தொடுகிறது. 1910-இல் இங்கு வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயர் இளைஞர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தார். அவர்களுள் ஒருவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில், இரயில் பெட்டியில் மனைவியோடு அமர்ந்திருந்த திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் துரையை அவர் சுட்டார். பின் தம்மையே சுட்டுக்கொண்டார். துப்பாக்கி பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். ஆப்பிரிக்கர் கையில் துப்பாக்கி போகக் கூடாது என்று பிரசல்ஸில் மாநாடு கூட்டிய அதே நாட்டின் தொழிற்சாலைப் பொருள். ஆஷும் அவர் மனைவியும் கோடைக்கானலில் இருந்த தம் பிள்ளைகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தனர். அவர் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது. மணியாச்சி நிலையம் இன்று வாஞ்சியின் பெயர் தாங்கி நிற்கிறது.

வாஞ்சியின் நாட்டுப்பற்றை ஐயுறுபவன் அல்லன் நான். வ.உ.சி.யின் கப்பல் நிறுவனத்தை நசுக்கிய ஆட்சியின் மீது எழுந்த சினம் நேர்மையானது. ஆனாலும் சுட்டவர், சுடப்பட்டவர் என்ற இரு பெயர்களை மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அக்கருவியைச் செய்தவரும் விற்றவரும் தம் கணக்கை முடித்துக்கொண்டு அமைதியாக உறங்கினர். வரலாறு அவர்களை விசாரிப்பதில்லை. இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் கேட்ட நம் பஞ்சாலைத் தொழிலாளர் பன்னிருவர் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிக்கு இரையாயினர். அத்துப்பாக்கிகள் எந்தத் தடையையும் மீறி வந்தவை அல்ல. முறையான அரசு, முறையான உரிமம், முறையான குண்டு.

நம் பங்குகளில் ‘சொல்தா’ வீடு என்று அழைக்கப்படும் வீடுகள் இன்றும் உண்டு. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர்களின் குடும்பங்கள் அவை. போர்க்கருவி எங்கே செய்யப்பட்டது, எங்கே போய்ச் சுட்டது என்பதை நூலில் படிக்காமல் தோளில் சுமந்து அறிந்தவர்கள் அவர்கள். நவம்பர் 11 அன்று கடற்கரைச் சாலையின் நினைவுச் சின்னத்துக்கு அவர்கள் மலர் வைக்கும்போது, அங்கே பெருமிதத்தைவிட மௌனமே மிகுந்திருப்பதைக் காணலாம்.

விடுதலை பெற்ற இந்தியா ஆயுதம் விற்கும் நாடாக இல்லாமல் வாங்கும் நாடாகவே நெடுங்காலம் இருந்தது. அதனால் பிற நாட்டின் ஏற்றுமதித் தடை நம் அரசியலையே உலுக்கிய நிகழ்ச்சியும் நடந்தது. சுவீடன் நாட்டுச் சட்டம் போர்க்கருவி ஏற்றுமதியைப் பொதுவாகத் தடை செய்கிறது. ஒவ்வொரு விற்பனைக்கும் அரசு தனியாக விலக்கு அளிக்க வேண்டும். 1986 மார்ச் 24 அன்று போபர்ஸ் நிறுவனத்திடம் 410 பீரங்கிகள் வாங்க இந்தியா ஒப்பந்தம் செய்தது. மறு ஆண்டு ஏப்ரலில் கையூட்டுச் செய்தியைச் சுவீடன் வானொலி வெளியிட்டது. அதன் பிறகு நடந்தவை வாசகர்கள் அறிந்தவை.

அவ்வளவாக அறியப்படாதது இன்னொரு கிளைக்கதை. அதே நிறுவனம் தன் நாட்டுத் தடையை மீறி, சிங்கப்பூருக்கு என்று தாள் எழுதி ஏவுகணைகளைத் துபாய்க்கும் பஹ்ரைனுக்கும் அனுப்பியது. 1984-இல் அதை வெளிக்கொணர்ந்தவர் நிறுவனத்திலேயே பணியாற்றிய இங்வார் பிராட் என்ற பொறியாளர். போபர்ஸால் வாழும் சிற்றூரில், அண்டை வீட்டாரின் சம்பளமும் அதே வாசலிலிருந்து வருகிற இடத்தில், ஒருவர் மனச்சான்றுக்குச் செவிகொடுப்பது எளிய செயல் அன்று. ஏற்றுமதியைக் கண்காணித்த அரசு அதிகாரி அல்கர்னோன் 1987 ஜனவரியில் ஸ்டாக்ஹோம் சுரங்க இரயிலின் முன் விழுந்து இறந்தார். சட்டம் நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. பெட்டியின் மேல் ஒட்டிய முகவரி பொய்யாயிருந்தது.

ஈழத்தில் நடந்ததை நினைக்காமல் தமிழர் எவரும் இப்பொருளைப் பேச இயலாது. 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணம் நவாலி புனித பேதுரு கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது விமானக் குண்டு விழுந்து, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் மாண்டனர். இலங்கை விமானப்படையிடம் அப்போது அர்ஜென்டினாவில் செய்த புக்காரா விமானங்கள் இருந்தன. மறு ஆண்டு இஸ்ரேலிலிருந்து கிஃபிர் விமானங்களும் வந்தன. கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் நாடு அர்ஜென்டினா. விற்பனை ஒப்பந்தத்தில் நவாலி என்ற பெயர் எங்கும் இருந்திருக்காது.

தமிழக மக்களின் உணர்வை எண்ணி, தாக்கும் திறனுடைய கருவிகளை இலங்கைக்குத் தருவதில்லை என்ற நிலையை இந்திய அரசு அறிவித்துவந்தது. 2007-இல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன் சென்னையில் அதையே சொன்னார். ஆனால் அதே மூச்சில், ஆயுதத்துக்காக இலங்கை சீனாவையும் பாகிஸ்தானையும் நாடக் கூடாது என்றும் சொன்னார். பெலிஸ்தியரின் கவலையும் பிரசல்ஸின் கவலையும் ஒரே வாக்கியத்தில் கலந்து வந்ததை அன்று செய்தித்தாளில் படித்தவர்கள் எத்தனை பேர் கவனித்தார்களோ, தெரியாது.

இன்று நிலை மாறிவிட்டது. 2013-14-இல் சுமார் 686 கோடி ரூபாயாக இருந்த இந்தியாவின் படைத்தளவாட ஏற்றுமதி, 2024-25-இல் 23,622 கோடியை எட்டியதாகப் பாதுகாப்பு அமைச்சகம் பெருமையுடன் அறிவித்தது. 2013 ஏப்ரல் 2 அன்று ஐ.நா. பொதுச்சபை 154 வாக்குகளால் ஆயுத வாணிக ஒப்பந்தத்தை நிறைவேற்றியபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஒப்பந்தம் விற்கும் நாடுகளுக்குச் சாதகமாக உள்ளது என்பது அன்று நாம் கூறிய காரணங்களுள் ஒன்று. இப்போது நாமே விற்கும் நாடு. 2024-இல் காசாப் போர் நடந்துகொண்டிருக்கையில், இஸ்ரேலுக்குப் படைக்கலம் அனுப்பும் உரிமங்களை நிறுத்த வேண்டும் என்று குடிமக்கள் சிலர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். செப்டம்பர் 9 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. வெளியுறவுக் கொள்கையில் நீதிமன்றம் தலையிட முடியாது, ஒப்பந்தத்தை முறித்தால் நிறுவனங்கள்மீது வழக்கு வரும் என்பன காரணங்கள். சட்ட நோக்கில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ‘ஒப்பந்தம் முறியும்’ என்ற வாதத்தை வெனிஸ் வணிகனும் 1179-இல் சொல்லியிருப்பான்.

திருச்சபையின் சிந்தனை இலாத்தரனிலிருந்து நெடுந்தொலைவு வந்திருக்கிறது. ஆயுதப் போட்டி ஏழைகளைத் தாங்க முடியாத அளவு காயப்படுத்துகிறது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. நீதிக்கும் அமைதிக்குமான திருப்பீட அவை 1994-இல் உலக ஆயுத வாணிகம் பற்றித் தனி ஏடு வெளியிட்டது. தற்காப்பு உரிமையை அது மறுக்கவில்லை. ஆனால் ‘நாம் விற்காவிட்டால் வேறொருவன் விற்பான்’ என்ற வாதத்துக்கு அறநெறி அடிப்படை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. யார் பகைவன் என்ற பழைய கேள்வியின் இடத்தில், எங்கே போய்ச் சேரும், யார்மேல் விழும் என்ற கேள்வி வந்து அமர்ந்தது. இம்மாற்றத்துக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் ஆயின.

இது தொலைநாட்டுப் பிரச்சினை அன்று. ஆவடியிலும் திருச்சியிலும் நீலகிரி அருவங்காட்டிலும் உள்ள படைக்கலத் தொழிற்சாலைகளில் நம் இறைமக்கள் பலர் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கின்றனர். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து மையங்களை இணைக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019-இல் தொடங்கப்பட்டதிலிருந்து நம் பொறியியல் கல்லூரி மாணவர்களும் அத்துறையில் வேலை தேடுகின்றனர். அவர்களைக் குற்றம் சாட்டுவது அநீதி. நாட்டின் எல்லையைக் காக்கும் படைக்குக் கருவி செய்வதைத் திருச்சபை பாவமென்று சொல்லவில்லை. ஆனால் உச்ச நீதிமன்ற வழக்கில் பெயர் சுட்டப்பட்ட நிறுவனங்களுள் முனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனமும் ஒன்று. அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை 2021 முதல் அதன் கீழ்தான் இயங்குகிறது.

அன்பியக் கூட்டங்களில் 1994-ஆம் ஆண்டு ஏட்டை ஒருமுறை எடுத்துப் படிக்கலாம். மறைமாவட்டங்களின் நீதி, அமைதிப் பணிக்குழுக்கள் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்பலாம்: எந்தப் பொருள், எந்த நாட்டுக்கு, எந்த உறுதிமொழியின் பேரில் போகிறது? இதுபோன்ற கேள்விகள் அவையில் எழுந்ததுண்டு. மொத்தத் தொகையைச் சொல்லும் அரசு, நாடுகளின் பெயர்களைப் பாதுகாப்பு நலன் கருதி வெளியிட இயலாது என்று பதில் அளித்திருக்கிறது.